64 பிட் நேரத்துக்கு மாறியபின் பெட்டி தகராறு செய்கிறதா? அறிகுறியை வைத்துப் பழுது பார்க்க

கிருஷ்ணகிரி, தருமபுரி சுற்றுவட்டாரத்தில் எடைமேடை, மாங்கூழ் ஆலைக் குளிர் அறை, குவாரி அலுவலகம், பால் சொசைட்டி என்று கொஞ்சம் லினக்ஸ் பெட்டிகளை நான் பார்த்துக்கொள்கிறேன். பெரும்பாலும் கைக்கடக்கமான 32 பிட் ஏஆர்எம் போர்டுகள்தான். 2038 ஜனவரி 19 காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடியோடு இவற்றின் பழைய நேரக் கணக்கு (1970லிருந்து ஓடிய நொடிகளை 32 பிட்டில், அதாவது 4 பைட்டில் எண்ணுவது) நிரம்பிவிடும் என்பதால் ஒவ்வொன்றாக 64 பிட் நேரத்துக்கு மாற்றி வருகிறேன். எனக்கு வரும் போன்களில் முக்கால்வாசி 2038ஐப் பற்றியவை அல்ல, பாதியில் நிற்கிற மாற்றத்தைப் பற்றியவை. ஒரு பக்கம் வள்ளத்தில் அளந்து போட, மறுபக்கம் படியில் அளந்து எடுக்கிற கதை. அதனால் எந்த அறிகுறியானாலும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எது பழசு, எது புதுசு?

கட்டளைகளின் பெயரை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கீபோர்டில் வழக்கமான எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

## எதையும் தொடும் முன் மூன்று காரியம்

முதலில், பெட்டி 32 பிட் தானா? 'யூநேம்' சொல்வதை நம்பாதீர்கள். கெர்னல் (லினக்ஸின் அடிமட்ட மையம்) 64 பிட்டாகவும் மேலே ஓடுகிற மற்ற எல்லாம் 32 பிட்டாகவும் இருக்கிற போர்டுகள் நிறைய உண்டு. 'கெட்கான்ஃப் லாங்_பிட்' என்று கேளுங்கள். 64 என்று வந்தால் நேர மாற்றம் உங்கள் பிரச்சினைக்குக் காரணம் இல்லை, ஒன்றிரண்டு இடங்களைத் தவிர. அவற்றைக் கீழே சொல்லியிருக்கிறேன்.

அடுத்து, பதிப்புகள். லினக்ஸ் கெர்னல் 5.1 (2019) முதல் 32 பிட்டிலும் புது நேர அழைப்புகள் உண்டு. ப்ரோகிராம்கள் கெர்னலிடம் நேரம் கேட்பது சி லைப்ரரி வழியாக. அவற்றில் மசல் லைப்ரரி 1.2 (2020) முதல் எல்லாமே புதுசு. இன்னொரு சி லைப்ரரியான கிலிப்சியில் 2.34 (2021) முதல் இரண்டும் உண்டு, கம்பைல் செய்கிறவர் கேட்டால்தான் புதுசு கிடைக்கும். டெபியன் லினக்ஸ் 13இல் (2025) ஏஆர்எம் 32 பிட் பேக்கேஜ்கள் முழுக்கப் புதுசு. பழைய 32 பிட் இன்டெல் பக்கத்தை மட்டும், பழைய ப்ரோகிராம்கள் ஓட வேண்டும் என்பதற்காக அப்படியே விட்டுவிட்டார்கள்.

கடைசியாக, மெமரி கார்டு முழுவதையும் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் கைவைத்தால் மேலே படிக்க வேண்டாம்.

## அறிகுறி: தேதி 1970 அல்லது 1901 காட்டுகிறது

### 1970 ஜனவரி 1, காலை 5:30 என்றால்

பேட்டரி. நேர லைப்ரரி பாவம், அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. போர்டில் இருக்கும் சிஆர்2032 காசு பேட்டரி செத்திருக்கும், அல்லது கடிகார சிப்பே இல்லாத போர்டாக இருக்கும். கரண்ட் போய் வந்ததும் நெட் வரும்வரை பூஜ்யத்திலிருந்து எண்ணிக்கொண்டிருக்கும். பேட்டரியை மாற்றி, 'எச்டபிள்யூகிளாக்' கொண்டு நேரத்தை எழுதி, பிளக்கைப் பிடுங்கி ஐந்து நிமிடம் கழித்துச் செருகிப் பாருங்கள்.

### 1901 டிசம்பர் என்றால்

கடிகார சிப்பில் 2038ஐத் தாண்டிய தேதி உட்கார்ந்திருக்கிறது, அதைப் பழைய ப்ரோகிராம் படித்துச் சுற்றிவிட்டது. எண் நிரம்பியதும் குறை எண்ணாக மாறுவதால் நேரே 1901க்குப் போய் விழும். ஒரு பெட்டியில் ரசீது '14 டிசம்பர் 1901, 02:07' என்று அச்சானது. கூட்டிப் பார்த்தால் நம் ஐந்தரை மணி கணக்குக்கு 2:15 வர வேண்டும். எட்டு நிமிடம் எங்கே போனது என்று அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். 1906க்கு முந்தைய தேதிகளுக்கு நேர மண்டலக் கோப்பு பழைய சென்னை நேரத்தை, அதாவது 5 மணி 21 நிமிடம் 10 நொடியைப் போடுகிறது. கோப்பு சரி, தேதிதான் தப்பு. உங்களுக்கும் அந்த எட்டு நிமிடம் குறைந்தால் பின்னாலேயே ஓடாதீர்கள்.

'எச்டபிள்யூகிளாக்' மூலம் சிப்பைப் படியுங்கள். 2038க்கு மேல் இருந்தால் சரியான நேரத்தை எழுதுங்கள். மறுபடி தானாகத் தாவினால் சிப்போ கிரிஸ்டலோ போய்விட்டது. மாட்யூலை மாற்றுவது மலிவு.

### வெளியே நேரம் சரி, கன்டெய்னருக்குள் மட்டும் தப்பு என்றால்

உள்ளே ஆல்பைன் லினக்ஸ் 3.13 அல்லது அதற்குப் பிந்தையது (புதிய மசலில் ஓடுவது), வெளியே கன்டெய்னரை ஓட்டும் பழைய டாக்கர். உள்ளிருப்பவர் புது அழைப்பில் நேரம் கேட்கிறார். எந்த அழைப்பை உள்ளே விடலாம் என்று வடிகட்ட வாசலில் நிற்கும் செக்காம்ப் காவலுக்கு அந்த அழைப்பு தெரியாததால் 'ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்' என்று திருப்பி அனுப்புகிறது. நேரம் தெரியாததால் சான்றிதழ் சரிபார்ப்பும் தோற்கும். 'பேக்கேஜ் இறங்கவில்லை' என்றுதான் புகார் வரும், நேரம் என்ற சொல்லே அதில் இருக்காது. வெளியே லிப்செக்காம்ப் 2.4.2, டாக்கர் 19.03.9 அல்லது மேலே கொண்டுவாருங்கள், தீர்ந்தது. காவலையே நிறுத்திவிடும் ஆப்ஷன் ஒன்று உண்டு. காரணம் இதுதானா என்று பார்க்க ஐந்து நிமிடம் போடலாம், அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகக் கூடாது.

## அறிகுறி: மேம்படுத்தியதும் பழைய ப்ரோகிராம் ஏறவே இல்லை

பேக்கேஜ் பெயரின் வாலில் 'டி64' என்று ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். லிப்எஸ்எஸ்எல்3 என்பது லிப்எஸ்எஸ்எல்3டி64 ஆகியிருக்கும். 64 பிட் கணினியில் இது வெறும் பெயர் மாற்றம், பழைய பெயரைக் கேட்டாலும் புதியது பதில் சொல்லும். 32 பிட் ஏஆர்எம்மில் பதில் சொல்லாது. வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள், ஏனென்றால் உள்ளே அளவே மாறிவிட்டது.

இங்கேதான் எல்லாரும் ஒரே தப்பைச் செய்கிறார்கள். பேக்கேஜின் பெயர் மாறினாலும் உள்ளே இருக்கும் லைப்ரரிக் கோப்பின் பெயர் மாறவில்லை. ஆகவே சார்புகளைப் பார்க்காதே என்று கட்டாயப்படுத்தி நிறுவினால் பழைய ப்ரோகிராம் ஏறிவிடும், ஓடிவிடும், பச்சை விளக்கும் எரியும். அப்புறம் தப்பான தேதியை அமைதியாக எழுதிக்கொண்டிருக்கும். ஏறாமல் நிற்கிற ப்ரோகிராம் உங்களுக்கு நல்லதுதான் செய்கிறது.

என்ன செய்யலாம், செலவு ஏறும் வரிசையில்:

மூலக்கோடு கையில் இருந்தால் புதிய பெட்டியிலேயே மறுபடி கம்பைல் செய்யுங்கள். இல்லாவிட்டால் விற்றவரிடம் டெபியன் 13க்கான கோப்பைக் கேளுங்கள். 'அதே வெர்ஷன்தான் சார், ஓடும்' என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், ஏஆர்எம் 32 பிட்டில் மறுபடி கட்டியதா என்று கேளுங்கள். அதுவும் நடக்கவில்லையா, பழைய ப்ரோகிராமை அதன் பழைய லைப்ரரிகளோடு சேர்த்து டெபியன் 12 கன்டெய்னரில் போடுங்கள். கெர்னலுக்கு இரண்டு மொழியும் தெரியும், குழப்பம் வராது. டெபியன் 12க்கு நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை உண்டு, அதுவரை மூச்சு விடலாம். விற்றவரும் இல்லை, மூலக்கோடும் இல்லை, 2038க்குப் பிறகும் ஓட வேண்டும் என்றால் புது மென்பொருள்தான். அதற்கு ஆள் பிடிக்கும் நேரம் இது.

## அறிகுறி: ஏறுகிறது, ஓடுகிறது, எண்கள் மட்டும் தப்பு

என் நேரம் அதிகம் போவது இங்கேதான்.

### பக்கத்து எண்ணில் நேரம் வந்து உட்கார்ந்தால்

2025 ஜூன் மாதம், மாங்காய் சீசன் உச்சம். பெங்களூரா ஏற்றிய லாரிகள் கூழ் ஆலை வாசலில் வரிசை கட்டி நிற்கின்றன. முந்தின இரவுதான் எடைமேடைப் பெட்டியின் ப்ரோகிராமைப் புது நேரத்தோடு கம்பைல் செய்து போட்டிருந்தேன். மத்தியானம் போன்: "அண்ணா, வண்டி எடை 174 கோடி கிலோ காட்டுது, டிரைவர் சிரிக்கிறார்."

ரசீதில் இருந்த எண் 1749628842. எண்ணைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. அது எடையே இல்லை. 1970லிருந்து அன்று பகல் 1:30 வரை ஓடிய நொடிகள்.

காரணம் ஒரே வரி. ரசீதை அச்சிடும் பிரின்ட்எஃப் கட்டளையில் நேரத்துக்கு '%எல்டி', எடைக்கு '%டி' என்று எழுதி வைத்திருந்தேன். நேரம் 4 பைட்டாக இருந்தவரை சரி. 8 பைட் ஆனதும் ஏஆர்எம் அதை இரட்டை ரிஜிஸ்டரில் வைக்கும், நடுவில் ஒன்றைத் தாண்டிவிடும். பிரின்ட்எஃப்புக்கு அது தெரியாது. நேரம் என்று குப்பையைப் படித்தது, எடை என்று நேரத்தைப் படித்தது. இதே தப்பு 32 பிட் இன்டெல்லில் நடந்திருந்தால் நேரம் சரியாக வந்து எடை 0 என்று வந்திருக்கும். ஆகவே போர்டைப் பொறுத்து அறிகுறி மாறும்.

சோதனை: எல்லா எச்சரிக்கைகளையும் காட்டும் 'வால்' கொடியோடு கம்பைல் செய்யுங்கள். வடிவம் பொருந்தவில்லை என்று ஜிசிசி வரி எண்ணோடு சொல்லும். எனக்கும் சொல்லியிருந்தது, நான்தான் படிக்கவில்லை. தீர்வு: நேரத்தை 'லாங் லாங்' ஆக மாற்றி '%எல்எல்டி' போடுங்கள். பழைய பெட்டியிலும் புதிய பெட்டியிலும் ஒரே கோடு ஓடும்.

இன்னொன்று, இந்த மாதிரி நேரத்தில் பதற்றத்தில் எடைமேடையின் இண்டிகேட்டரைத் திறக்காதீர்கள். அதில் அரசு முத்திரை இருக்கும். இண்டிகேட்டர் திரையிலும் எடை தப்பாக இருந்தால் மட்டும் உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரைக் கூப்பிடுங்கள். திரையில் சரி, ரசீதில் தப்பு என்றால் அது உங்கள் பெட்டியின் தப்பு.

### அரை நொடி காத்திருக்கச் சொன்னால் காத்திருக்காமல் ஓடினால்

அடையாளம்: சிபியு 100 சதவீதம், போர்டு சுடுகிறது. 2 நொடி, 5 நொடி என்று முழு நொடியாகச் சொன்ன இடங்களில் ஒழுங்காகக் காத்திருக்கும். 0.5 நொடி என்ற இடத்தில் நிற்கவே நிற்காது.

ப்ரோகிராம் புதுசு, அது கூப்பிடும் லைப்ரரி பழசு. புதியவர் நொடிக்கு 8 பைட், மைக்ரோ நொடிக்கு 8 பைட் என்று எழுதித் தருகிறார். பழையவர் நான்கு நான்காகப் படிக்கிறார். நொடியின் கீழ்ப்பாதி சரியாகக் கிடைக்கிறது. அதன் மேல்பாதியில் இருக்கும் பூஜ்யத்தை மைக்ரோ நொடி என்று எடுத்துக்கொள்கிறார். அரை நொடி பூஜ்யம் ஆகிவிடுகிறது.

யார் பழசு என்று கண்டுபிடிக்க, ப்ரோகிராமிலும் அதனுடன் ஏறும் ஒவ்வொரு லைப்ரரியிலும் 'என்எம் -டி' ஓட்டுங்கள். கிலிப்சியில் பெயரின் கடைசியில் 64 ஒட்டிய நேர அழைப்புகள், கிளாக்_கெட்டைம்64 போல, தெரிந்தால் அது புதுசு. ஒட்டாமல் வெறும் பெயர் இருந்தால் பழசு. இரண்டும் தெரியாவிட்டால் நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். நேரத்தையே கேட்காத லைப்ரரியும் நேரம் அடங்கிய ஸ்ட்ரக்டை (பல எண்களைச் சேர்த்துக் கட்டிய பொட்டலம்) கைமாற்றலாம். அதன் ஹெடர் கோப்பில் டைம்_டி, டைம்வால், டைம்ஸ்பெக் என்ற நேர வகைப் பெயர்களைத் தேடிப் பாருங்கள்.

தீர்வு எளிது: இரண்டையும் ஒரே பக்கத்தில் கட்டுங்கள். லைப்ரரி விற்றவர் தந்த மூடிய கோப்பு என்றால் ப்ரோகிராமையும் பழசாகவே கட்டி, விற்றவரைத் துரத்துங்கள்.

### லைப்ரரியே உங்களுடையது என்றால்

கிலிப்சி செய்ததையே செய்யுங்கள். பழைய பெயரில் இருக்கும் ஃபங்ஷனைத் தொடாதீர்கள், 4 பைட்டோடு அப்படியே இருக்கட்டும். 8 பைட்டுக்குப் புதுப் பெயரில் இன்னொன்று சேருங்கள். ஹெடர் வழியாகப் புதிதாகக் கம்பைல் செய்பவர்கள் புதுப் பெயருக்குப் போகட்டும். பழையது உள்ளே புதியதைக் கூப்பிட்டு விடையைச் சுருக்கித் தரலாம். 4 பைட்டில் அடங்காவிட்டால் வெட்டித் தராமல் பிழை என்று திருப்பி அனுப்ப வேண்டும். ஏற்கெனவே பல ஊரில் போட்டுவிட்ட ப்ரோகிராம்களைத் தொடாமல் லைப்ரரியை மட்டும் மாற்ற எனக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான். இனிமேல் எழுதும் ஹெடர்களில் டைம்_டி வேண்டாம், நேராக 64 பிட் முழு எண் என்றே எழுதிவிடுங்கள்.

## அறிகுறி: பழைய பதிவுக் கோப்பு திறந்ததும் ப்ரோகிராம் செத்துவிடுகிறது

உறைந்த மாங்கூழ் வைக்கும் அறையில் நிமிடத்துக்கு ஒரு பதிவு: நேரம், வெப்பம், கதவு, அறை எண். ஸ்ட்ரக்டை அப்படியே கோப்பில் கொட்டும் பழைய பழக்கம். பழைய கணக்கில் ஒரு பதிவு 12 பைட், நாளுக்கு 17,280. புதியதில் 16 பைட், நாளுக்கு 23,040. நேற்று ஒரு நாளில் கோப்பு எவ்வளவு வளர்ந்தது என்று பார்த்தாலே எழுதுபவர் யார் என்று தெரிந்துவிடும்.

புதிய ப்ரோகிராம் பழைய கோப்பைப் படித்தால்: வெப்பத்தின் நான்கு பைட்டும் நேரத்தின் மேல்பாதியாகிவிடும். மைனஸ் 18 டிகிரி என்றால் ஆண்டு கோடிக்கணக்கில் பின்னோக்கிப் போகும். 'லோக்கல்டைம்' வெறுங்கையோடு திரும்பும், அதைச் சரிபார்க்காத ப்ரோகிராம் 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்று அங்கேயே விழும்.

பழைய ப்ரோகிராம் புதிய கோப்பைப் படித்தால்: விழாது. முதல் வரியில் தேதி சரி, வெப்பம் துல்லியமாக 0.0 என்று வரும். இரண்டாம் வரியிலிருந்து எல்லாம் குப்பை. அறை கெட்டுவிட்டது என்று கம்ப்ரசர் மெக்கானிக்கை வரவழைத்த ஆலை ஒன்று உண்டு.

நகல் எடுத்து அதன்மேல் மட்டும் வேலை செய்யுங்கள். கோப்பின் அளவு 12ஆல் வகுபடுகிறதா, 16ஆலா என்று பாருங்கள். 48இன் மடங்காக இருந்தால் இரண்டாலும் வகுபடும், ஏமாற வேண்டாம். பிறகு 'ஹெக்ஸ்டம்ப்' போட்டு முதல் இரண்டு பதிவுகளைக் கண்ணால் பாருங்கள். நேரத்துக்கு அடுத்த நான்கு பைட்டும் பூஜ்யம் என்றால் புதுசு.

மாற்றிய அன்று அதே கோப்பின் வாலில் தொடர்ந்து எழுதியிருந்தால் ஒரே கோப்பில் இரண்டும் இருக்கும். ஆரம்பத்திலிருந்து 12, 12ஆகப் படித்துக்கொண்டே போங்கள். முந்திய பதிவை விட 60 நொடிதான் கூடியிருக்க வேண்டும். அந்தக் கணக்கு உடைகிற இடத்துக்குப் பக்கத்தில்தான் எல்லை, அங்கிருந்து 16. கரண்ட் போன நாட்களில் இடைவெளி இருக்கும், அதை எல்லை என்று நினைத்துவிடாதீர்கள். எல்லை கிடைத்ததும் எல்லாவற்றையும் 16க்கு மாற்றிப் புதுக் கோப்பில் எழுதுங்கள். தலையில் வடிவ எண் என்று ஒன்றைச் சேர்த்துவிடுங்கள்.

ஏற்றுமதித் தணிக்கைக்குக் காட்ட வேண்டிய பதிவு, நகலும் இல்லை என்றால் நீங்கள் தொடாதீர்கள். தரவு மீட்பவரிடம் கார்டை அப்படியே கொடுங்கள்.

## அறிகுறி: கம்பைல் ஆகவே மாட்டேன் என்கிறது

டைம்_பிட்ஸ் 64 என்று மட்டும் கொடுத்தால் கிலிப்சி ஒப்புக்கொள்ளாது, ஃபைல்_ஆஃப்செட்_பிட்ஸ் 64உம் கூடவே வேண்டும். பார்கோடு, விரல்ரேகை மாதிரி சாதனம் படிக்கும் கோடில் 'இன்புட்_ஈவென்டில் டைம் என்ற உறுப்பு இல்லை' என்று வந்தால், அதற்குப் பதில் இன்புட்_ஈவென்ட்_செக் என்ற பெயரைப் பயன்படுத்துங்கள். அவ்வளவுதான்.

## அறிகுறி: இன்றைய தேதி சரி, தூரத்துத் தேதி மட்டும் தப்பு

64 பிட் கணினியிலும் இது வரும். குவாரி அலுவலகத்தில் குத்தகை முடியும் தேதி 2040 என்று போட்டால் ஏற்க மறுக்கும். சோலார் பம்புக்கு 25 ஆண்டு வாரன்ட்டி போட்டாலும் இதே கதை. பார்க்க வேண்டிய முதல் இடம் டேட்டாபேஸ். மைஎஸ்க்யூஎல்லில் டைம்ஸ்டாம்ப் வகை நெடுவரிசை 2038ஓடு நின்றுவிடும், டேட்டைம் வகைக்கு மாற்றுங்கள். மாற்றும்போது செஷனின் நேர மண்டலம் +05:30 என்று இருக்கட்டும். இல்லாவிட்டால் பழைய வரிகள் எல்லாம் ஐந்தரை மணி பின்னால் போய் உறைந்துவிடும். டேட்டாபேஸ் சரி என்றால் கோடில் யாரோ நேரத்தை 4 பைட் 'இன்ட்' ஆகச் சுருக்கியிருப்பார்கள்.

## அறிகுறி: 'சப்போர்ட்ஸ் டைம்ஸ்டாம்ப்ஸ் அன்டில் 2038' என்று கெர்னல் சொல்கிறது

இஎக்ஸ்டி4 பார்ட்டிஷனில் ஐநோட் (ஒவ்வொரு கோப்பின் தேதி முதலான விவரம் இருக்கும் இடம்) 128 பைட். 'டியூன்2எஃப்எஸ் -எல்' காட்டும். சின்ன பூட் பார்ட்டிஷன்களில் சகஜம், இன்றைக்கு எதுவும் கெடாது. அடுத்த முறை கார்டு மாற்றும்போது 256 பைட்டில் ஃபார்மட் செய்துகொள்ளுங்கள், 2446 வரை போகும். இருக்கும் இடத்திலேயே பெரிதாக்கும் வழியில் நான் இறங்குவதில்லை.

## அறிகுறி: சோதனை முடிந்த மறுநாள் 'வேல்யூ டூ லார்ஜ்' என்கிறது

உதிரி போர்டில் நெட்டைப் பிடுங்கி, தானியங்கி நேரச் சரிசெய்தலை நிறுத்தி, 2038 ஜனவரி 19 காலை 8:43 என்று வைத்து இரண்டு நிமிடம் காத்திருப்பதுதான் நான் செய்யும் சோதனை. வாடிக்கையாளர் பெட்டியில் செய்யக் கூடாது. ஒருமுறை செய்தேன். தேதியைத் திருப்பி வைத்தேன், ஆனால் அந்த இரண்டு நிமிடத்தில் எழுதப்பட்ட கோப்புகள் 2038லேயே தங்கிவிட்டன. இரவு பேக்கப் எடுக்கும் ப்ரோகிராம் இன்னும் பழசு. அந்தக் கோப்புகளின் தேதி அதற்கு அடங்கவில்லை, பேக்கப் அங்கேயே நின்றது. மூன்று இரவு யாரும் கவனிக்கவில்லை.

'ஃபைண்ட்' கொண்டு இன்றைக்குப் பிந்தைய தேதியுள்ள கோப்புகளைத் தேடி, 'டச்' செய்து இன்றைக்குக் கொண்டுவாருங்கள். கடிகார சிப்பையும் மறக்காமல் திருப்புங்கள், அடுத்த முறை கரண்ட் போனால் அதுதான் பேசும். மறுபடி ஒருமுறை 'ஃபைண்ட்' ஓட்டி ஒன்றும் வரவில்லை என்று பார்த்துவிட்டுப் பெட்டியை மூடுங்கள்.